குட்டிக்கு வீடு பார்ப்பவள்

குட்டியைத் தூக்கிக் காட்டுகிறவனின் முகத்தை மீரான் பீவி பார்ப்பதில்லை. குட்டியையும் பார்ப்பதில்லை. வீரசோழன் சந்தையில் வேலியோரமாகக் கட்டிக் கிடக்கிற குட்டிகளைத் தாண்டி அவள் கண் வேறு எதையோ தேடும். ஆட்டுக்காரன் குட்டியின் காதைத் தடவி, வாயைப் பிளந்து, முதுகை அமுக்கிக் காட்டி, தன் பிள்ளையைப் போல வளர்த்தேன் என்று ஆரம்பித்து முடிக்கும்வரை பொறுமையாக நிற்பாள். பிறகு, "குட்டின்னா எல்லாம் அழகாத்தேன் இருக்கும். இதோட ஆத்தாளக் காட்டு" என்பாள். ஆத்தாள் வீட்டில் நிற்கிறது என்று அவன் சொன்னால், "அப்ப வீட்டுக்கே வாரேன்" என்று கிளம்பிவிடுவாள். ஒரு தடவை இப்படித்தான் நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூருக்கு நடந்தே போனாள். தாயாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது. பொழுது சாயும்வரை காத்திருந்து, வந்த ஆட்டின் மடியைப் பார்த்து, "வேணாம்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினாள். அந்த ஆட்டுக்காரன் இன்றைக்கும் சந்தையில் அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

தாயாடு கையில் கிடைத்தால் அவளுக்குக் கூட்டம் தெரியாது, வெயில் தெரியாது. வெள்ளைத் துப்பட்டியின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டின் பின்னால் குந்துவாள். உதட்டுக்குள் அல்லாவின் பேரை எடுத்து 'பிஸ்மி' சொல்வாள். முதல் பாலை மண்ணில் விடுவாள். அடுத்ததை உள்ளங்கையில் பீய்ச்சி மோந்து பார்ப்பாள், அப்புறம் நக்கியும் பார்ப்பாள். ஒரு காம்பில் வருகிற கனம் மறு காம்பிலும் வர வேண்டும். பெரிய மடியைக் கண்டு அவள் மயங்கியது கிடையாது. கறந்து முடித்தால் அது காலிப் பையாகத் தொங்க வேண்டும். தொங்காவிட்டால் அது பால் மடி அல்ல, சதை மடி. "சதைக்கு எங்க வீட்டு அவுக இருக்காக. எனக்குப் பாலுதேன் வேணும்" என்று எழுந்துவிடுவாள். எங்க வீட்டு அவுக என்பது அவள் கணவர் சேக் முகம்மது. சந்தைத் திடலுக்கு எதிரே கறிக்கடை வைத்திருக்கிறார்.

அவள் வாங்குவது பள்ளையாடு மட்டும்தான். குட்டைக் காலும் உருண்ட வயிறுமாக, வளர்ந்த பிறகும் கவிழ்த்து வைத்த கூடை மாதிரி நிற்குமே, அந்தச் சாதி. கறி வியாபாரிகள் பள்ளையைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். நெடுநெடுவென்று நிற்கிற கொடியாடுதான் அவர்களுக்கு ஆடு. மீரான் பீவியின் கணக்கு வேறு. இந்தக் கரிசல் காட்டில் கோடை வந்தால் உடைமரத்தையும் கருவேலத்தையும் தவிரப் பச்சை என்று கண்ணில் படுவது எது? அதைத் தின்று பெரிய உடம்பைக் காப்பாற்ற ஒரு ஆடு படுகிற பாட்டில் பால் எங்கிருந்து சுரக்கும்? பள்ளை கொஞ்சமாகத் தின்னும். வேளைக்கு ஒரு உழக்கு பால் தரும். ஈற்றுக்கு இரண்டு குட்டி போடும். நோய்வாய்ப்பட்டவள்கூட ஒரு கையால் பிடித்துக் கட்டிவிடலாம். "பெரிய ஆட்ட வச்சா நம்ம அதுக்கு வேலக்காரி. இத வச்சா இது நம்மளுக்கு வேலக்காரி" என்று ஒரே போடாகப் போடுவாள். தாயாட்டைப் பக்கத்தில் நிறுத்தித் தன் முழங்காலோடு உயரம் பார்ப்பாள். முதுகு முழங்காலைத் தாண்டினால் அது எத்தனை பால் கறந்தாலும் வேண்டாம். இதனால் அவளுடைய சேலையில் முழங்கால் பக்கம் எப்போதும் ஆட்டு ரோமம் ஒட்டியிருக்கும்.

சந்தையை விட்டு வெளியூரில் வாங்கிய குட்டி பஸ்ஸில்தான் வீட்டுக்கு வரும். மீரான் பீவி ஓலைக் கடகத்தை மடியில் வைத்து, அதற்குள் குட்டியை வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். குட்டி சும்மா இருக்குமா? நாலு மைல் தாண்டுவதற்குள் துப்பட்டிக்கு நடுவிலிருந்து இரண்டாவது தலை ஒன்று எட்டிப் பார்க்கும். கண்டக்டர் மொக்கையன் புதிதாக வந்தபோது லக்கேஜுக்குச் சீட்டு வாங்கு என்று சண்டை போட்டான். கைப்பிள்ளைக்குச் சீட்டு உண்டா என்று அவள் கேட்டாள். அப்புறம் அவன் பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்து, பால் பற்றாமல், மீரான் பீவி வீட்டு வாசலில் செம்போடு வந்து நின்றான். அதிலிருந்து துப்பட்டிக்குள் எத்தனை தலை என்று அவன் எண்ணுவதில்லை.

வீடு ஒன்றும் பெரிதில்லை. முன்னால் ஒரு அறை, பின்னால் அதைப்போல இரண்டு பங்கு கொல்லை. கொல்லை முழுக்க ஆட்டு ராஜ்யம். தாய்கள் மேய்ச்சலுக்குப் போகும்போது குட்டிகளைக் குடாப்புக்குள் விட்டுவிடுவாள். வேலிக் கம்பில் பின்னிய பெரிய கூண்டு அது. வெளியே விட்டால் நாள் முழுக்கக் காம்பைச் சப்பித் தாயையும் கெடுத்துத் தானும் இலை தின்னப் பழகாமல் போகும் என்பது அவள் சட்டம். பாலுக்கு நேரம் வந்தால் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் திறந்துவிடுவாள். பேரெல்லாம் அஞ்சறைப் பெட்டிச் சாமான்: சீரகம், சோம்பு, ஏலம், கசகசா. கூப்பிட்டது மட்டும் வெளியே வரும், மற்றவை கத்தும். பார்த்தவர்கள் இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.

பள்ளைக்கு ஒரு குறை உண்டு, கிளை எட்டாது. அந்தக் குறைக்கு மீரான் பீவியே மருந்து. தன்னைப்போல இரண்டு ஆள் உயரத் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மந்தைக்கு முன்னால் நடப்பாள். உடைமரத்தை உலுக்கிக் காய் உதிர்ப்பாள். வேம்பில் கொழுந்தாகப் பார்த்து இழுப்பாள். பருத்திக் காட்டைக் கடக்கும்போது மட்டும் முன்னால் போகிறவள் பின்னால் வந்துவிடுவாள். "வாய அடக்கு, வாய அடக்கு" என்று அவள் போடுகிற சத்தத்தில் ஆடு அடங்குகிறதோ இல்லையோ, காட்டுக்காரன் அடங்கிவிடுவான். ஊரில் எல்லாருடைய ஆடும் ஒன்றாக மேய்கிற காடு என்பதால் தன் குட்டிகளுக்கு இடது காதின் அடியோரத்தில் நெல்லளவு ஒரு வெட்டுப் போட்டு வைப்பாள். அதற்கு அவளுடைய ஆயுதம் பாக்குவெட்டி. வெட்டிய கையோடு அடுப்புச் சாம்பலை வைத்து அழுத்திவிடுவாள். குட்டி ஒரு தடவை கத்தும். அவளும் கூடவே ஒரு 'ச்சு' கொட்டுவாள்.

கறிக்கடைக்காரர் வீட்டில் பாலாடு வளர்வது ஊருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. விடிகிற நேரத்தில் அந்த வீட்டில் 'பிஸ்மி' இரண்டு இடத்தில் கேட்கும். கொல்லையில் அவள் கறக்க உட்காரும்போது ஒன்று; கடைக்குப் பின்னால் அவர் கத்தியை எடுக்கும்போது ஒன்று. இரண்டு பேரும் ஒரே சந்தையில் ஒரே விடிகாலையில் ஆடு வாங்குவார்கள். அவர் கை ஆட்டின் இடுப்புச் சதையைப் பிடித்துப் பார்க்கும். அவள் கை மடிக்குப் போகும். எதிரெதிரே வந்தால் அறிமுகமில்லாதவர்களைப்போல விலகிப் போவார்கள். கல்யாணமான புதிதிலேயே பேசிக்கொண்ட ஒப்பந்தம் அது. அவர் ஆடு அவள் கொல்லைக்கு வராது, அவள் ஆடு அவர் கடைக்குப் போகாது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அது தவறியது.

அப்போதெல்லாம் அவள் குட்டியை வாங்கி, வளர்த்து, தலையீற்றாக முதல் குட்டி போட்டதும் கேட்கிறவர்களுக்கு விற்றுவிடுவாள். கசகசா என்ற ஆட்டை இப்படி ஒரு வீட்டுக்குக் கொடுத்தாள். வாங்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை. தவிடும் புண்ணாக்கும் வைத்தார்கள். ஆனால் அந்த வீட்டில் வேறு ஆடு கிடையாது. கூட்டத்திலேயே பிறந்து கூட்டத்திலேயே வளர்ந்த கசகசா தனிக் கொட்டகையில் நின்று இரவும் பகலும் கத்தியது. தீனியைத் தொடவில்லை. பாலை அடக்கிக்கொண்டது, சில நாளில் மடியே வற்றிவிட்டது. பாய் வீட்டில் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, சொல்லிக்கொள்ளவும் கூச்சப்பட்டு, அவர்கள் அதைச் சந்தையில் தள்ளிவிட்டார்கள். அன்று விடியலில் மொத்தமாக ஆடு பிடித்தவர் சேக் முகம்மது. இருட்டோடு இருட்டாக இடுப்பை மட்டும் பிடித்துப் பார்த்தார்.

அன்று கடைக்கு அவருக்குக் காப்பித்தண்ணி கொண்டுபோன மீரான் பீவி, பலகையில் வரிசையாக வைத்திருந்த தலைகளில் ஒன்றின் இடது காதைப் பார்த்தாள். நெல்லளவு வெட்டு. அவள் கூச்சல் போடவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். அந்தத் தலையைத் துப்பட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தாள். அதற்குப் பிறகு வெகுநாள் அந்த வீட்டு அடுப்பில் கறி ஏறவில்லை. கறிக்கடைக்காரர் கீரையும் பருப்புமாகத் தின்றார். ஏன் என்று கேட்கவுமில்லை. அவருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் சந்தையில் எந்த ஆட்டைப் பிடித்தாலும் அவர் கை முதலில் இடது காதுக்குத்தான் போகிறது. காதில் வெட்டு இருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கி, கடைக்குப் போகாமல் கொல்லைக்கு ஓட்டி வந்துவிடுவார். இதைப் பார்த்து மற்ற கறிக்கடைக்காரர்களும், "சேக்கு பாய், ஒங்க வீட்டு ஆடு ஒண்ணு நிக்கிது" என்று சொல்லியனுப்ப ஆரம்பித்தார்கள். அடையாளத்துக்காகப் போட்ட வெட்டு, அறுக்கக் கூடாது என்பதற்கான முத்திரையாகிவிட்டது.

மீரான் பீவியும் அதோடு இரண்டு சட்டங்கள் போட்டுக்கொண்டாள். முதலாவது, வீடு பார்க்காமல் ஆடு கொடுப்பதில்லை. கேட்டு வந்தவர்கள் வீட்டுக்கு அவளே பஸ் ஏறிப் போவாள். வேலியைப் பார்ப்பாள், கிணற்றைப் பார்ப்பாள், பக்கத்துக் காட்டில் பருத்தி போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். வீட்டு ஆம்பளை பேசுவதைக் காதில் வாங்காமல் உள்ளே போய்ப் பொம்பளையிடம் பேசுவாள். யார் கறப்பது, அந்தப் பாலை யார் குடிப்பது என்று இரண்டே கேள்வி. காரியாபட்டிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வடையும் காப்பியும் வைத்து உபசரித்தார்கள். யார் குடிப்பது என்று கேட்டதற்கு, சும்மா அழகுக்கு வாசலில் நிற்கட்டும் என்றார்கள். வடையைத் தின்றுவிட்டு, "அழகுக்கு மயில் வாங்குங்க தாயி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மீரான் பீவியிடம் குட்டி கேட்பதற்குப் பெண் கேட்பது எவ்வளவோ லேசு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இரண்டாவது சட்டத்தின் பெயர் கங்காணி.

கங்காணி ஒரு காயடித்த பள்ளைக் கிடா. கருப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை, மேளம் மாதிரி வயிறு. அதற்கு உலகத்தில் எதைக் கண்டும் பயமில்லை. பஸ் ஹாரனுக்கு அசையாது. நாய் குரைத்தால் நின்று வேடிக்கை பார்க்கும். புது வீட்டுக்குப் போகிற ஆட்டோடு அதையும் அனுப்பிவிடுவாள். அது போன இடத்தில் தன் வீடுபோலப் படுத்து அசைபோடும். அதைப் பார்த்துப் புது ஆடும் படுக்கும், தின்னும், பாலை விடும். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து, ஆடு அந்த வீட்டு மனுஷர்களோடு ஒட்டிக்கொண்டது தெரிந்ததும், மீரான் பீவி போய்க் கங்காணியைக் கூட்டி வந்துவிடுவாள். கொழும்புத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணிகளைச் சின்ன வயதில் பார்த்தவள் அவள். "அவனுக கொண்டுபோயி விட்டுட்டு அங்கனயே இருந்து அதிகாரம் பண்ணுவானுக. இவன் கொண்டுபோயி விட்டுட்டு வந்துருவான். அதனால இவந்தேன் நல்ல கங்காணி" என்பாள்.

கங்காணியின் காதில் மட்டும் வெட்டுக் கிடையாது. அது சேக் முகம்மது கேட்டுக்கொண்டது. காதில் குறையிருக்கிற ஆட்டைப் பெருநாள் பலியான குர்பானிக்குக் கொடுக்க ஊரில் யாரும் ஒப்பமாட்டார்கள். "ஏம்மா, வீட்டுல நிக்கிற அத்தனைக்கும் காத வெட்டிட்ட. ஹஜ்ஜுப் பெருநாளுக்குன்னு ஒண்ணாச்சும் முழுக் காதோட நிக்கட்டும்" என்றார். நியாயம்தானே என்று அவளும் விட்டுவிட்டாள். அப்படி விட்டதால் வந்த வினை சென்ற பங்குனிக் கடைசியில் வந்தது.

திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ரத்தினம் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவன் மனைவி சரஸ்வதிக்குப் பிரசவத்துக்குப் பின்னாலேயே விஷக்காய்ச்சல் வந்துவிட்டது, படுத்த படுக்கை. பெண் குழந்தை. டப்பாப் பாலைக் கொடுத்தால் கொடுத்த வேகத்தில் கக்குகிறது. மாட்டுப் பாலும் அப்படியே. ஆட்டுப் பால் கொடுத்துப் பாருங்கள் என்று வைத்தியம் பார்க்கிறவர் சொன்னாராம். முந்தின நாள் ஒரு செம்பு பால் வாங்கிப் போயிருந்தான். பங்குனி வெயிலில் பஸ் போய்ச் சேருவதற்குள் திரிந்துவிட்டது.

அவசரம் என்றாலும் சட்டம் சட்டம்தான். மீரான் பீவி துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு அவனோடேயே பஸ் ஏறினாள். வீட்டுக் கொல்லையில் வேம்பு இருந்தது, வேலி இருந்தது. யார் கறப்பது என்று கேட்டதற்கு ரத்தினமே கறப்பதாகச் சொன்னான். கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்து, வெட்டிவிட்டு வா என்று அனுப்பினாள். அப்புறம் உள்ளே போனாள். சரஸ்வதியின் பக்கத்தில் துணிக்குள் குழந்தை கிடந்தது. முருங்கைக்காய் மாதிரி கையும் காலும். அழுவதற்கும் அதற்குத் தெம்பில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுண்டு விரலை அதன் வாயில் வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல ஒரு இழுப்பு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு இழுப்பு.

"உறிஞ்சுறா. போதும்" என்றாள் மீரான் பீவி. சரஸ்வதி அவள் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எம்புள்ள பொழச்சுக்கிருமா?" என்று கேட்டாள். "நாளைக்கு மொத பஸ்ஸுல ஆட்டோட வாரேன். புள்ள வயித்த நான் பாத்துக்கிறேன் தாயி, நீ காய்ச்சலப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். திரும்புகிற வழியெல்லாம் எதை அனுப்புவது என்பதே அவள் யோசனை. சீரகம்தான் சரி. தலையீற்று, இளம் பால், குணமும் சாது. ஆனால் கூட்டத்தை விட்டு ஒரு நாள் பிரிந்ததில்லை. கங்காணி கூடப் போனால் கவலையில்லை.

வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கங்காணியின் கழுத்தில் புதுக் கயிறு.

இந்தப் பக்கத்தில் ஆடு மாடு விற்கிறவன் தன் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வான். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டுவான். கயிறு மாறிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். யார் கயிறு என்று அவள் கேட்பதற்கு முன்னால் சேக் முகம்மதே சொன்னார். ஜவுளிக்கடை ஜமால் மைதீன் கடைக்கே நேரில் வந்தாராம். நாலு நாளில் பெருநாள். குர்பானிக்குக் குறையில்லாத கிடா வேண்டும், உங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டாராம். காலையில் ஆள் வந்து ஓட்டிப் போகும்.

ஜமால் மைதீன் சாதாரண ஆள் இல்லை அவர்களுக்கு. சேக் முகம்மது வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து ஆறு மாதம் கிடந்தபோது, மாதம் பிறந்தால் அரிசி மூட்டை இந்த வீட்டு வாசலில் இறங்கும். யார் அனுப்பியது என்றுகூட வெகுநாள் தெரியாது. தெரிந்த பிறகும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படிப்பட்டவர் முதல்முறையாக இந்த வீட்டில் ஒன்று கேட்டிருக்கிறார்.

மீரான் பீவி திருச்சுழிக் கதையைச் சொன்னாள். சேக் முகம்மது கேட்டுக்கொண்டே ஆட்டுக் கொட்டகைக் கம்பைப் பிடித்து நின்றார். சீரகத்தை இப்போது தனியாக அனுப்பிவிட்டு, பெருநாள் கழிந்ததும் வேறு கிடா பார்த்து அனுப்பினால் என்ன என்று கேட்டார். கேட்டவருக்கே அது நல்ல யோசனையாகத் தெரியவில்லை.

"கசகசாவயும் தனியாத்தான அனுப்புனேன்" என்றாள் அவள்.

அவர் கம்பை விட்டுவிட்டுக் கங்காணியின் புதுக் கயிற்றைப் பார்த்தார். பிறகு, "அவுக வாய் தெறந்து கேட்டு, நான் இல்லன்னு எப்பிடிம்மா சொல்ல?" என்றார்.

"சொல்லுங்கன்னு நான் சொல்லல" என்றாள். "அவுக சோத்த நானுந்தேன் தின்னேன். முழுக் காதோட விடுன்னு நீங்க கேட்டீக, நானும் சரின்னு விட்டேன். அது உங்க கிடா. ஆனா அந்தப் புள்ளைக்கு நான் வாரேன்னுட்டு வந்துட்டேன். ஒரு கிடாதேன் இருக்கு, என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

'தெரியல' என்ற சொல்லை மீரான் பீவி வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. யாருடைய தாயாட்டையும் நம்பாதவள், எந்த வீட்டு வேலியையும் நம்பாதவள், அன்றைக்கு அடுப்பு முன்னால் வெறுமனே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பிடிவாதக்காரி என்கிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் அழுது கேட்டிருந்தால் அவர் கொடுத்திருப்பார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் அழவில்லை.

விடிந்ததும் அவள் சீரகத்தை மட்டும் கிளப்பினாள். மடியைக் கழுவித் துடைத்தாள். சீரகத்தின் இரண்டு குட்டிகளையும் கடகத்துக்குள் வைத்தாள். பழைய பருத்திக்கொட்டை ஒரு படி முடிந்து வைத்தாள். தனியாகவாவது போகட்டும், தானே ஒரு வாரம் அந்த வீட்டுக் கொட்டகையில் ஆட்டோடு படுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். இங்கே மற்ற ஆடுகளை யார் கறப்பது என்பதுதான் மிச்சமிருந்த கவலை. கங்காணி கொல்லை நடுவில் புதுக் கயிறோடு படுத்து, ஊர் விவகாரம் எதுவும் தனக்குச் சம்பந்தமில்லாததுபோல அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

சேக் முகம்மது தொழுதுவிட்டு வந்தார். கடைக்குப் போகவில்லை. முன்னறையில் துணியில் சுற்றி வைத்திருந்த சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். அந்தக் கத்தி அவர் தொழில் கத்தி. அதை அவர் கொல்லைக்குள் கொண்டுவந்ததே கிடையாது. மீரான் பீவி எழுந்துவிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் போய்க் கங்காணியின் பக்கத்தில் குந்தினார். பழக்கம் விடுமா, கை தானாக இடது காதுக்குப் போனது. முழுக் காது. அதைக் கட்டை விரலால் ஒரு தடவை நீவிப் பார்த்தார். பிறகு அடியோரத்தைப் பிடித்து, கத்தி நுனியை வைத்து, நெல்லளவு எடுத்தார்.

எதற்கும் பயப்படாத கங்காணி ஒரு தடவை கத்தியது. மீரான் பீவி வாயிலிருந்து 'ச்சு' வந்தது.

"ஜவுளிக்கடை மொதலாளி கேட்டா என்னன்னு சொல்லுவீக?" என்றாள்.

"காது பின்னமாயிருச்சு, குர்பானிக்கு ஆகாதுன்னு சொல்லுவேன்" என்றார் அவர். கத்தியைத் துடைத்துக்கொண்டே, "வெட்டுனது யாருன்னு கேட்டா, நாந்தேன்னும் சொல்லுவேன். என்ன வேணும்னாலும் சொல்லட்டும். காலப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு, அவுகளுக்கு வேற கிடா தேடி இன்னைக்கே பரமக்குடிப் பக்கம் போறேன்" என்றார்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. மீரான் பீவி அடுப்பிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை அள்ளி வந்து, கங்காணியின் காதில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் கழுத்து முடிச்சை அவிழ்த்து, ஜமால் மைதீனின் புதுக் கயிற்றைப் பதவிசாகச் சுருட்டி, குந்தியிருந்த கணவரின் தோளில் போட்டாள்.